கத்தலுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். கோவையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். திருமணமாகி மூன்று வருடம், இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கணவர் குளித்துவிட்டு ஈரத்துண்டை மெத்தைமேல் போடுகிறார், வீட்டுக்கு வந்ததும் செல்போனில் மூழ்கிவிடுகிறார், எதையும் நாலு தரம் சொன்னால்தான் செய்கிறார். டால்பினுக்கும் நாய்க்கும் பயிற்சி கொடுப்பவர்களின் உத்தியைத் தன் கணவரிடம் செய்துபார்த்து ஜெயித்ததாக ஓர் அமெரிக்கப் பெண் எழுதியதை இவர் படித்திருக்கிறார். "இது நிஜமாவே பலிக்குமா? அவருக்குத் தெரியாம செஞ்சா சூழ்ச்சி ஆகாதா?" என்று இரண்டு கேள்விகள், கடைசியில் எத்தனை நாளாகும் என்று இன்னொன்று. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எங்கம்மா அப்பாவ நச்சரிச்ச மாதிரியே நானும் ஆயிட்டேனோன்னு பயமா இருக்கு." என் கணக்கில் அதுதான் நிஜமான கேள்வி. துண்டை எங்கே போடுவது என்பதல்ல, நான் எப்படித் தினமும் கத்துகிற ஆளாக ஆனேன், அதிலிருந்து எப்படி இறங்குவது என்பது.

நான் திருச்சியில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். முதல் எட்டு வருடம் சிறப்புக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுத்தேன், அப்புறம் பன்னிரண்டு வருடமாகத் தம்பதிகளோடுதான் வேலை. அதனால் இந்த உத்திகளை இரண்டு பக்கமும் கையாண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: நான் கேட்டிருப்பது உங்கள் பக்கத்தை மட்டும்தான். உங்கள் கணவர் ஒரு வரி எழுதினால் இந்தப் பதிலில் பாதி மாறக்கூடும்.

நீங்கள் படித்தது ஆமி சதர்லேண்ட் 2006 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் விலங்குப் பயிற்சியாளர்களை உருவாக்கும் ஒரு கல்லூரிக்குப் புத்தக வேலையாகப் போனவர், அங்கே பார்த்ததை வீட்டில் முயன்று பார்த்தார். வேண்டிய செயலைக் கண்டதும் பாராட்டு, வேண்டாததைக் கண்டுகொள்ளாமல் விடு, பெரிய மாற்றத்தைச் சின்னச் சின்னப் படியாக உடை, இவ்வளவுதான் சாரம். தலைமேல் வந்து உட்காரும் கொக்குகளை விரட்டாமல், தரையில் விரித்த பாயில் இறங்கப் பழக்கிய ஒரு பயிற்சியாளரைப் பற்றி அதில் வரும். பாயில் நிற்கும் கொக்கு அதே நேரத்தில் தலையில் நிற்க முடியாதல்லவா? எனக்குப் பிடித்த இடம் அது. ஆனால் அந்தக் கட்டுரையைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் முடிவை விட்டுவிடுகிறார்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்த சமயம் அவர் வலியென்று ஒரு நாள் புலம்பித் தள்ள, கணவர் ஒரு வார்த்தை பேசாமல் அசையாமல் இருக்கிறார். அப்போதுதான் புரிகிறது: பயிற்சி இப்போது எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறது! அந்த முடிவில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு வீட்டில் பயிற்சி எப்போதும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் திட்டமிடாவிட்டாலும்.

அறிவியலில் எது உறுதி என்று சொல்கிறேன். 1898இல் தார்ண்டைக் என்ற உளவியலாளர் பூனைகளைக் கூண்டுக்குள் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்வதைக் கவனித்தார். 1930களில் ஸ்கின்னர் எலிகளை வைத்து அதையே துல்லியமாக்கினார். ஒரு செயலுக்குப் பின்னால் உடனே என்ன கிடைக்கிறதோ அதைப் பொறுத்தே அந்தச் செயல் பெருகும் அல்லது தேயும். நம் பாடநூல்களில் இதற்கு 'செயல்படு ஆக்கநிலையுறுத்தம்' என்று பல்லை உடைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், கிடைப்பதற்கு 'வலுவூட்டல்' என்று பெயர். என்னிடம் வருபவர்களிடம் நான் 'சம்பளம்' என்றுதான் சொல்வேன். எந்தச் செயலுக்குச் சம்பளம் வருகிறதோ அது மறுநாளும் வேலைக்கு வரும். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் இதை வைத்துக் காதலைச் சரிசெய்ய முடியுமா என்பதில்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. மாலையில் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்துவிடுவேன். மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, மோட்டார் போட்டுட்டு வாங்களேன்" என்பாள். "ம்" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொல்வாள். "ம்." மூன்றாவது தடவை கரண்டியைத் தட்டும் சத்தமும் சேர்ந்து வரும். நான்காவது தடவை, "காது கேக்குதா இல்லியா?" என்று கூரை அதிரும்போது எழுந்து போய் சுவிட்சைப் போடுவேன். அப்புறம் மனத்துக்குள், "எதுக்கெடுத்தாலும் கத்தறா" என்று ஒரு சலிப்பு. கிளினிக்கில் குழந்தை அடம்பிடிப்பதைத் தாய்மாருக்குப் படம் போட்டு விளக்குகிற ஆள் நான். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சில வருடங்கள் ஆயின. அவள் சாதாரணமாகக் கேட்டபோதெல்லாம் நான் ஒரு பைசா கொடுக்கவில்லை, கத்தியபோதுதான் கொடுத்தேன். கத்தலுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான். மாதச் சம்பளம்கூட இல்லை, தினக்கூலி.

இதன் இன்னொரு பாதியைக் கவனியுங்கள். நான் எழுந்ததும் அவள் கத்தல் நிற்கும், எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்குச் சம்பளம். அவளுக்குத் தண்ணீர் வந்தது, அது அவளுக்குச் சம்பளம். இருவருக்கும் கிடைப்பதால் இந்தச் சுழல் ஓடிக்கொண்டே இருக்கும், வருடத்துக்கு வருடம் சத்தம் மட்டும் ஏறும். அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் முரட்டுத்தனமான குழந்தைகளின் வீடுகளிலேயே ஆள் வைத்துக் கவனித்து இந்தச் சுழலை விவரித்தார். பிற்பாடு தம்பதிகளிடமும் இதையே கண்டார்கள். நச்சரிப்பது ஒருவரின் குணம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது இரண்டு பேர் சேர்ந்து கட்டிய பழக்கம். உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு ஏதாவது வந்திருக்கும் என்றால், ரத்தத்தில் அல்ல, நாலாவது தடவைக்கு மட்டும் எழுந்திருக்கும் இன்னொரு மனிதர் வாய்த்ததில்தான் வந்திருக்கும்.

ஏன் இது விடவே மாட்டேன் என்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஸ்கின்னர் ஒரு சனிக்கிழமை எலிகளுக்கான உணவு உருண்டைகள் தீர்ந்துபோகும் நிலையில் இருந்ததால், நெம்புகோலை அழுத்திய ஒவ்வொரு தடவைக்கும் கொடுக்காமல் நிமிடத்துக்கு ஒன்று என்று ரேஷன் போட்டார். எலிகள் ஓய்ந்துவிடவில்லை, விடாமல் அழுத்தின. அவரே பின்னாளில் எழுதியது இது. எப்போதாவது மட்டும் கிடைக்கும் சம்பளம்தான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். நீங்கள் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் துண்டை எடுக்காமல் விட்டுவிட்டு, பதினோராவது நாள் மாமியார் வருகிறார் என்று எடுத்து மடித்து வைத்தால், பதினொரு நாளைக்குத் தாக்குப்பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

என்னிடம் வந்த ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அவர் ஒரு டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் கணக்கர், அவர் மனைவி பள்ளி ஆசிரியை. அந்தம்மாவின் புகார் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் மூன்று பத்தியாக எழுதுங்கள் என்றேன்: அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பின்னால் உடனே என்ன நடந்தது. ஆசிரியை என்பதால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது. 8.40: வந்தார், செருப்பைக் கழற்றும்போதே சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேன், போனை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போனார். 9.15: வெளியே வந்தார், மறுபடி சொன்னேன், பண்றேன் என்றார். 9.40: கத்தினேன், புக் பண்ணினார், சாப்பிடாமல் படுத்தார். ஏழு பக்கத்திலும் ஊர்தான் வேறு, ரயில் ஒன்றே. அந்தம்மா என் எதிரே உட்கார்ந்து ஏழு பக்கத்தையும் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், இந்த ஒரு வாரத்துல அவர் வந்தவுடனே நான் வேலை சொல்லாத நாளே இல்லையே?" நான் பேசத் தேவையே இருக்கவில்லை.

செய்த மாற்றம் மிகச் சின்னது. வீட்டு வேலைப் பேச்சு எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு, பதினைந்து நிமிடம், இருவரும் உட்கார்ந்து. வந்த முதல் பத்து நிமிடத்துக்கு சிலிண்டரும் கிடையாது, கரண்ட் பில்லும் கிடையாது. இதைக் கணவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசித்தான் செய்தோம். வேலைப் பட்டியலை முதல் தடவை சொல்லும்போதே அவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அந்தம்மாவின் நிபந்தனை, நியாயமான நிபந்தனை. பலன்? கத்தல் நன்றாகக் குறைந்தது. பாத்ரூமுக்குள் போன் போவது குறைந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் போன் பார்ப்பது அப்படியே இருந்தது. அதிசயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்பதற்காகத்தான் அதையும் சொல்கிறேன்.

பாராட்டு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். வெளிநாட்டு ஆலோசனைகளில் கணவர் பாத்திரம் கழுவினால் நன்றி சொல்லி முத்தம் கொடு என்பார்கள். நம் ஊரில் கணவன் மனைவிக்குள் 'நன்றி' என்றாலே மைக் பிடித்துப் பேசுவதுபோல இருக்கும். அது பரவாயில்லை. கெடுதல் எங்கே என்றால், என்றாவது ஒரு நாள் அவராகத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "அதிசயமா இருக்கே, இன்னிக்கு மழைதான் கொட்டப்போகுது!" சொல்பவருக்கு அது செல்லக் கேலி, கேட்பவருக்கு அது அபராதம். செய்யாதபோது திட்டு, செய்தபோது கிண்டல், இரண்டிலும் அடி விழுந்தால் எது சுலபமோ அதைத்தான் ஒருவர் செய்வார். இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள், 'ஆனா' என்று பெயர். "பாத்திரம் கழுவிட்டீங்க சரி, ஆனா அடியில பிசுக்கு அப்படியே இருக்கு பாருங்க." அந்த 'ஆனா'வை அன்றைக்கு மட்டும் விழுங்கிவிடுங்கள். பிசுக்கை நாலாம் நாள் பார்த்துக்கொள்ளலாம். படிப்படியாக என்பதன் அர்த்தமே அதுதான்: பாதி செய்ததற்குப் பாதிச் சம்பளம் கொடுத்தால்தான் முழுசு வரும்.

சரி, நன்றியும் வேண்டாம், கிண்டலும் வேண்டாம் என்றால் எதைத்தான் கொடுப்பது? அது ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன். சிலருக்குச் சூடாக இன்னொரு தோசை. சிலருக்குப் பக்கத்தில் வந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்வது. சில கணவர்களுக்கு, அவர்களுடைய அம்மாவிடம் போனில், "இன்னிக்கு எல்லாத்தையும் அவரே பாத்துக்கிட்டாரு அத்தை" என்று நீங்கள் சொல்வது காதில் விழுந்தால் போதும், ஒரு வாரத்துக்குப் பேட்டரி சார்ஜ். சிலருக்கு அன்று எந்தக் குறையும் கேட்காமல் இருப்பதே பெரிய போனஸ். செய்த உடனே கொடுக்க வேண்டும், அளவாகக் கொடுக்க வேண்டும், மனத்தில் இல்லாததைச் சொல்லக்கூடாது. மூன்றாவதை நான் அனுபவத்தில் கற்றேன். கிளினிக் குரலில், "நீ பேச்சைப் பொறுமையா ஆரம்பிச்சது எனக்குப் பிடிச்சிருந்தது" என்று ஒரு நாள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன, நான் உங்க பேஷண்டா?" இரண்டு நாள் அந்தக் குரலை நடித்துக்காட்டி என் பெண்ணையும் சிரிக்கவைத்தாள். அதற்குப் பதிலாக முதல் தடவை கூப்பிட்டதுமே எழுந்து போய் மோட்டார் போட ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் வீட்டில் சத்தம் குறைந்தது. அவளுக்கு நான் எதையும் பயிற்றுவிக்கவில்லை, என் தினக்கூலிப் பட்டுவாடாவை நிறுத்தினேன், அவ்வளவே.

கண்டுகொள்ளாமல் விடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. பயிற்சியாளர்கள் சொல்வது வேண்டாத செயலுக்கு எந்த எதிர்வினையும் காட்டாமல் சில வினாடிகள் விட்டுவிட்டு, வேலையைத் தொடர்வதை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது வேறு சங்கதி. முன்னது செயலைக் கண்டுகொள்ளாதது, பின்னது ஆளையே கண்டுகொள்ளாதது, அது தண்டனை. செய்பவருக்குச் சுகமாக இருக்கும் என்பதால் சீக்கிரம் பழகிவிடும் தண்டனையும்கூட. இன்னொன்று, இதுவரை கிடைத்துவந்த சம்பளம் திடீரென நின்றால் அந்தப் பழக்கம் ஓய்வதற்குமுன் பல சமயம் ஒரு தடவை ஓங்கி அடிக்கும். லிஃப்ட் பட்டன் வேலை செய்யாவிட்டால் நாம் திரும்பிப் போய்விடுவதில்லை, ஐந்து தடவை குத்துவோம். அந்தச் சமயத்தில் இறங்கி வருவதாக இருந்தால் ஆரம்பிக்காமலேயே இருப்பது மேல்.

உங்கள் கேள்வியில் உள்ள துண்டுக்கு இதில் எதுவுமே தேவைப்படாது என்பது என் கணிப்பு. துண்டு ஏன் மெத்தைக்குப் போகிறது? குளியலறையிலிருந்து வந்து சட்டை போடும் இடத்தில் கைக்கு எட்டுவது மெத்தைதான், கொடி பால்கனியில் இருக்கிறது. அலமாரிக் கதவுக்குப் பக்கத்தில், அவர் தோள் உயரத்தில் ஒரு ஹேங்கர் அடியுங்கள். கொக்குக்குப் பாய் விரித்த கதைதான். ஒருவரின் குணத்தை மாற்றுவதைவிட ஆணியின் இடத்தை மாற்றுவது ஆயிரம் மடங்கு சுலபம், ஆனால் ஏனோ நாம் குணத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

இனி எல்லைகள். இதை வைத்துத் திருமணத்தையே சரிசெய்துவிடலாம் என்று என் துறையே ஒரு காலத்தில் நம்பியது. 1969இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் நான்கு தம்பதிகளோடு ஒரு முயற்சி செய்தார். கணவர்கள் உட்கார்ந்து பேசினால் மனைவிகள் டோக்கன் கொடுப்பார்கள், சேர்த்த டோக்கன்களைக் கணவர்கள் உடல் நெருக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். படிக்கும்போதே உங்களுக்கு முகம் சுளிக்கிறதல்லவா? அந்த நால்வரிடமும் பேச்சு கூடியதாகத்தான் அவர் எழுதினார். ஆனாலும் அந்த டோக்கன் முறை நிலைக்கவில்லை. பின்னாளில் ஸ்டூவர்ட்டே, கணக்குப் பார்க்காமல் ஒருவருக்கொருவர் சின்னச் சின்ன நல்லது செய்துகொள்ளும் முறைக்கு மாறினார். நீ இது செய்தால் நான் அது செய்கிறேன் என்ற பேரத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கிடைப்பதெல்லாம் கூலியாகத் தெரிய ஆரம்பிக்கும், அன்பாகத் தெரியாது. 1973இல் லெப்பர் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் மழலையர் பள்ளியில் செய்த சோதனை ஒன்று உண்டு. படம் வரையப் பிடித்த குழந்தைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்துபோனது. பரிசு எப்போது ஆர்வத்தைக் கெடுக்கும், எப்போது கெடுக்காது என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. பிடித்துச் செய்கிற காரியத்துக்கு முன்கூட்டி விலை பேசாதீர்கள் என்பதுவரை நம்பிச் சொல்லலாம். அவராக வந்து உங்களை அணைத்துக்கொள்கிறார் என்றால் அதைப் பயிற்சித் திட்டத்துக்குள் இழுக்காதீர்கள்.

1980களில் நீல் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர், இதே அடிப்படையில் தம்பதிகளுக்காகத் தான் வளர்த்த சிகிச்சை முறையின் முடிவுகளையே கறாராகச் சோதித்துப் பார்த்து, பலன் தான் நினைத்த அளவு இல்லை, கிடைத்ததும் பலருக்கு நிலைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனோடு சேர்ந்து, மாற்றுவதோடு ஏற்றுக்கொள்வதையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார். 134 தம்பதிகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதித் தம்பதிகள் தேறியிருந்தார்கள், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் பிரிந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கடுமையான சச்சரவோடு வந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அப்படிப்பட்டவர்களில் பாதி என்பது சின்ன விஷயமல்ல, மந்திரமும் அல்ல.

ஏற்றுக்கொள்வது ஏன் வேண்டும் என்பதற்கு விலங்குகளிடமே பதில் இருக்கிறது. ஸ்கின்னரின் மாணவர்கள் கெல்லர், மரியன் பிரிலண்ட் தம்பதி விலங்குப் பயிற்சியைத் தொழிலாகவே நடத்தினார்கள். பன்றிக்குக் காசைத் தூக்கி உண்டியலில் போடப் பழக்கினால், முதலில் ஒழுங்காகப் போடும், நாளாக ஆக வழியிலேயே காசைக் கீழே போட்டு மூக்கால் கிளற ஆரம்பித்துவிடும். ரக்கூன் என்ற அமெரிக்க விலங்கு காசை விடாமல் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருக்கும். தேர்ந்த பயிற்சியாளர்கள், பசித்த விலங்கு, சரியான சம்பளம், எல்லாம் இருந்தும். 1961இல் இதை வெளிப்படையாக எழுதினார்கள். பிறவியில் வந்தது ஒரு கட்டத்துக்கு மேல் வளையாது. கூட்டத்தில் பேசத் தெரியாத மனிதரைக் கல்யாண வீட்டில் கலகலப்பாக்க முடியாது. வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்தால்தான் ஆள் ஆவார் என்றால், அது உங்கள்மேல் உள்ள அலட்சியம் இல்லை. அந்த அரைமணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மீதி மாலைக்குப் பேரம் பேசுங்கள்.

இப்போது சூழ்ச்சியா என்ற கேள்வி. நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே: அந்த நோட்டு அவர் கையில் கிடைத்தால் கூசாமல் விளக்க முடியுமா? "உங்ககிட்ட கத்தாம இருக்க முயற்சி பண்றேன், அதுக்காக எழுதினேன்" என்று சொல்ல முடிந்தால் சரி. ஒளிக்கத் தோன்றினால், செய்துகொண்டிருப்பது வேறு ஏதோ. இன்னும் நேர்வழி, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது: "என்கிட்ட மாத்த வேண்டியது ஒண்ணு நீங்க சொல்லுங்க, உங்ககிட்ட ஒண்ணு நான் சொல்றேன்." ரகசியம் போனால் பலன் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. தெரிந்து வாங்கும் சம்பளமும் சம்பளம்தான். யார் கையில் கஜானா இருக்கிறது என்பதையும் பாருங்கள். மனைவிக்குத் தனி வருமானம் இல்லாத வீட்டில், "நீ சொன்னபடி நடந்தால் அம்மா வீட்டுக்குப் போகலாம், செலவுக்குப் பணம் தருவேன்" என்று ஒரு கணவர் 'பயிற்சி' கொடுத்தால் அதற்கு உளவியலில் பெயர் தேட வேண்டாம், அது அடக்குமுறை. பணம், சாப்பாடு, தாம்பத்தியம், பிறந்த வீட்டுப் போக்குவரத்து, இந்த நாலையும் யாரும் யாருக்கும் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்கக்கூடாது என்று என்னிடம் வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அடி, மிரட்டல், சந்தேகத்தில் போனைப் பிடுங்கிப் பார்ப்பது இவையெல்லாம் நடக்கும் வீட்டில் நான் மேலே எழுதிய எதுவும் செல்லாது. அங்கே 'கண்டுகொள்ளாமல் விடு' என்பது ஆபத்தான அறிவுரை. 181 பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை, படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்று எழுதுகிறேன். அதேபோல, முன்பு நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர் சில மாதங்களாகத்தான் இப்படிச் சுருங்கிவிட்டார், தூக்கமில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை என்றால், அது பழக்கமாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குத் தோசை போதாது, மருத்துவர் வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எத்தனை நாளாகும் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். அவர் செய்வதை எழுதுவதோடு, அதற்குப் பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற பத்தியை விடாமல் எழுதுங்கள், அதில்தான் உங்கள் பயத்துக்குப் பதில் இருக்கும். அப்புறம் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து ஐந்தாறு வாரம் கொடுங்கள். அதற்குள் இம்மியும் நகரவில்லை என்றால் உத்தியை விட்டுவிட்டு இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள், அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். துண்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே ஹேங்கர் வாங்கிவிடலாம். எங்கள் வீட்டில் அடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் என் துண்டு அதில் தொங்கும். மீதி இரண்டு நாள் நாற்காலிமேல்தான் கிடக்கிறது, அதைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.